பச்சையாகவே செத்த மரம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு சாவு. செத்தவரின் உயரம் முழங்கால் அளவு. சொந்த ஊர் நுவரெலியா. காலமானது கிளிநொச்சியில்.

பதற வேண்டாம். ஆள் ஒரு மரம். கிறிஸ்மஸ் மரத்தின் இனத்தில் குள்ளமான ஒன்று. ஊசி ஊசியாக இலை. எத்தனை வருடம் போனாலும் இடுப்புக்கு மேலே வளராதாம். எந்தக் காலத்திலும் பச்சையாகவே நிற்குமாம்.

கொண்டுவந்தவர் என் மனைவி வசந்தியின் தம்பி, குகன். கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர் எங்களை நுவரெலியாவுக்குக் கூட்டிப்போனார். திரும்பும்போது வான் வண்டியின் முன்சீற்றில் அந்த மரம் — பெல்ற் போட்டபடி. நாங்கள் பின்னால், பைகளோடு.

"அத்தான், கனடாவில ஒவ்வொரு வீட்டு வாசலிலயும் இது நிக்கும். உங்கட முத்தத்தில ஒரு லுக்கே இல்லை."

முற்றத்தில் ஒரு வேம்பு, இரண்டு தென்னை, ஒரு முருங்கை. இத்தனை வருடமும் லுக் இல்லாத மரங்களோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

வாசலோரம் நட்டுவிட்டுக் குகன் போனைத் தட்டிப் பார்த்தார். "இதுக்கு நல்ல வெயில் வேணுமாம். வேப்பங்கொப்பு மறைக்குது. வெட்டுவிப்பம்."

வெயில் வேணுமாம்... கிளிநொச்சியில்! அந்தக் குறிப்பை எழுதியவரின் ஊரில் வெயில் விருந்தாளி போல வந்துபோகும் போலிருக்கிறது. எங்கள் ஊரில் அது வீட்டோடு மாப்பிள்ளை.

அடுத்த நாளே மரம் அரிகிற மெஷினோடு ஆள் வந்துவிட்டார். சத்தம் கேட்டுக் குசினியில் சமைத்துக்கொண்டிருந்த வசந்தி வெளியே வந்தாள்.

"ஆரைக் கேட்டு வெட்டப் போறாய்?"

"ரண்டு கொப்புத்தானே அக்கா..."

"நீ அப்பவே வெளிநாடு போட்டாய் தம்பி. சண்டை முடிஞ்சு முகாமில இருந்து நாங்கள் திரும்பி வரேக்க இந்தக் காணியில வீடு இல்லை. கிணறும் தூர்ந்து கிடந்தது. இது மட்டும்தான் நிண்டது. இதுக்குக் கீழ தறப்பாள் கட்டித்தான் உலை வைச்சனாங்கள். இப்ப கை வைச்சுப் பார்."

மெஷின்காரர் அந்தக் குரலைக் கேட்டதுமே மெஷினைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.  அன்று பின்னேரம் முழுக்கக் குகன் அந்த வேம்பின் கீழே கதிரை போட்டுத் தனியே இருந்தார்.

குள்ள மரம் ஒரு பெரிய சட்டிக்கு மாறி, வேப்ப நிழலுக்குக் குடிவந்தது. குகன் விமானம் ஏறுமுன் சொன்ன கடைசி வார்த்தையும் அதைப் பற்றித்தான். "கவனமாப் பாருங்கோ அக்கா."

பார்த்தோமே! காலையில் தண்ணீர், மத்தியானம் தண்ணீர், பின்னேரம் இலைக்குத் தெளிப்பு. சட்டியைச் சுற்றி ஈரச்சாக்கு. அனல்காற்று வீசியபோது என்னுடைய குடை அதன் தலைக்குப் போனது. எனக்குக் காய்ச்சல் வந்தபோது நெற்றிக்கு ஒரு ஈரத்துணி கேட்டேன். "பொறுங்கோ, மரத்துக்கு ஊத்திப்போட்டு வாறன்" என்று பதில் வந்தது.

ஞாயிறுதோறும் வீடியோ கோல். "சூப்பரா நிக்குது அக்கா!" ஓம், நின்றது. ஒரு இலை கூடவுமில்லை, குறையவுமில்லை. வந்தவர் போனவரெல்லாம் மெச்சினார்கள். நானும் கூச்சப்படாமல் நான்கைந்து பேருக்கு மரம் வளர்ப்பில் ஆலோசனை வழங்கினேன்.

போன ஞாயிறும் கோல் வந்தது. "அத்தான், மற்றப் பக்கத்தையும் காட்டுங்கோ. ஒரு படம் எடுப்பம்."

தண்டைப் பிடித்துத் திருப்பினேன். பொலபொலவென்று அத்தனை ஊசியும் கொட்டின — பச்சை நிறம் மாறாமலே. கையில் மிஞ்சியது விளக்குமாறு மாதிரி ஒன்று.

சட்டியைக் கவிழ்த்தால் வேர் அழுகி நாற்றம். தண்ணீர் கூடிப்போயிருக்கிறது. இந்த இனம் வேர் செத்த பிறகும் வாரக்கணக்கில் பச்சையாகவே நிற்குமாம். அதாவது, நாங்கள் குடை பிடித்ததெல்லாம் ஒரு பிரேதத்துக்கு!

நமக்கு இது புதிதா என்ன? ரிப்பன் வெட்டித் திறந்து, பெயின்ற் மங்காமல், உள்ளே மூச்சுப்பேச்சில்லாமல் நிற்கிற கட்டடங்கள் எத்தனை? அவற்றின் முன்னாலும் நின்று படம் எடுத்துக்கொள்கிறோமே...

போனுக்குள் குகனின் முகம் சுருங்கிவிட்டது. "ஒவ்வொரு முறை வரேக்கயும் ஊரில எல்லாம் மாறிக் கிடக்குது அக்கா. இது ஒண்டாவது மாறாமல் நிக்குமெண்டு நினைச்சன்."

எனக்கு வாய்க்குள் வந்த பகிடி அப்படியே நின்றுவிட்டது. வசந்திதான் போனை வாங்கினாள்.

"மாறாமல் நிண்டதைப் பாத்துத்தான் நாங்களும் ஏமாந்தனாங்கள் தம்பி. உயிரிருந்தால் ஒரு பழுத்த இலையாவது விழுந்திருக்கும்."

 குகன் சட்டென்று தெளிந்துவிட்டார்.

"சரி அக்கா, விடுங்கோ. அடுத்த முறை ஒரு அப்பிள் மரக்கண்டு கொண்டுவாறன்."

"கொண்டுவா ராசா. அப்பிடியே பெட்டியில கொஞ்சம் ஸ்னோவும் அடைச்சுக்கொண்டு வா!"