ஒரு குளிர் கழித்தவள்

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் சிரிக்க வேண்டாம். தை மாதத்தில் ஒருநாள் நான் பாலை வெட்டுக்கத்தியால் கொத்தினேன். இங்கே பால் பையில் வரும். பிரிட்ஜில் இடமில்லையென்று பையைப் பல்கனியில் வைத்துவிட்டுப் படுத்தேன், விடியப் பார்த்தால் செங்கல். "பல்கனியில பால் வைச்ச ஆள் இந்த பில்டிங்கிலயே நீர் ஒராள்தான்" என்று என் மனுசன் விழுந்து விழுந்து சிரித்தார். இந்தச் சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக்குடியிருப்பில் இருபது குளிர் கண்டவருக்குச் சிரிப்பு வரும்தானே. வந்து மூன்று மாதமான எனக்கு அழுகைதான் வந்தது.

யாழ்ப்பாணத்தில் நான் கணக்கு ரீச்சர். சம்பளமில்லாத லீவில் வந்தவள். பங்குனி முடியமுன்னம் வேலையை விடுகிறேன் என்று கடிதம் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் சித்திரையில் போய் வகுப்பில் நிற்க வேண்டும். கலியாணம் கட்டி நாலு வருடம் போனிலேயே குடும்பம் நடத்திய மனுசனை விட்டுவிட்டுப் போவதா, இந்தக் குளிரில் விறைத்துச் சாவதா என்று மண்டை வெடித்தது.

அந்தச் சனிக்கிழமை என்னைச் சமாதானப்படுத்தவென்று ஒரு மியூசியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். இந்த நாட்டுக்கு முதலில் வந்த பிரெஞ்சுக்காரரின் மரவீடு ஒன்றைக் கட்டி வைத்திருந்தார்கள். கம்பளிப் பாவாடை கட்டிய பெட்டையொருத்தி விளக்கம் சொன்னாள். குளிர் தொடங்க மாட்டை வெட்டி இறைச்சியை வைக்கோலுக்குள் உறைய விடுவார்களாம். பாலையும் கட்டியாக உறையவிட்டுக் கோடரியால் கொத்தி எடுப்பார்களாம். நான் மனுசனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

வந்து எவ்வளவு காலம் என்று அந்தப் பெட்டை என்னைக் கேட்டாள். "த்ரீ மந்த்ஸ். மே பி கோ பேக்" என்றேன். அவள் கண்ணைச் சிமிட்டி, "ஆ, போர்க் ஈட்டர்!" என்றாள்.

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. முட்டைகூடத் தொடாத வீட்டில் பிறந்தவள் நான். "நோ! வெஜிடேரியன்!" என்றேன். அவள் இன்னும் சிரித்தாள்.

"இஞ்சாருங்கோ, உவள் என்னைப் பன்றி தின்னி எண்டல்லோ சொல்றாள்! கேட்டுக்கொண்டு நிக்கிறியளே?"

அவர் அவளிடம் விசாரித்துவிட்டு வந்தார். "கோவிக்காதையும். அந்தக் காலத்தில தோல் யாவாரத்துக்கு வள்ளம் வலிச்ச பிரெஞ்சுக்காரரின்ர பகிடியாம். உப்புப் போட்ட பன்றிக் கொழுப்பைத் திண்டுகொண்டு வந்து, குளிருக்கு முன்னம் திரும்பி ஓடுறவனுக்கு அந்தப் பேர். இருந்து குளிரைக் கழிச்சவன் ஈவெர்னான்."

'ஓடுறவன்' என்கிறபோது அவருடைய குரல் இறங்கிவிட்டது. பாவம், இவ்வளவு நாளும் பயந்துகொண்டுதான் பகிடி விட்டிருக்கிறார் என்று அப்போதுதான் விளங்கியது.

பங்குனிக் கடைசியில் பனி கரைந்து தெருவெல்லாம் சேறு. லிஃப்டில் ஊரிலிருந்து புதிதாக வந்த பிள்ளையொன்று, "அக்கா வந்து கனகாலமோ?" என்று கேட்டது.

"ஒரு குளிர்" என்றேன், பெரிய மிடுக்கோடு.

அன்று பின்னேரமே கையெழுத்து வைத்துக் கடிதத்தை அனுப்பினேன். 'பாடசாலைப் பொருட்கள் யாவும் ஒப்படைக்கப்பட்டுள்ளன' என்று அதில் எழுதியிருந்தேன். பச்சைப் பொய். என் வகுப்பு அலுமாரியின் திறப்பு, இந்த வீட்டுத் திறப்போடு ஒரே வளையத்தில் கிடக்கிறது. கதவடியில் நிற்கும்போது இன்னமும் என் கை முதலில் அலுமாரித் திறப்பைத்தான் பிடிக்கிறது.