மல்லாவியை மல்லாவிக்குக் கொண்டுவருதல் தொடர்பாக

பொதுமக்களிடமிருந்து வரும் எந்தக் கடிதத்துக்கும், முடிவு எடுக்கப்படாவிட்டாலும்கூட, கிடைத்தது என்று ஒரு வரியாவது எழுதிப் பதில் அனுப்ப வேண்டும். அரச அலுவலக ஒழுங்கு அது. இந்த வன்னியில் மூன்று அரச கந்தோர்களில் அதிகாரியாக இருந்து, எனக்குக் கீழே வேலை செய்தவர்களின் உயிரை இந்த ஒரு வரிக்காக வாங்கியிருக்கிறேன். பிரான்சிலிருந்து ஒரு நாயை மல்லாவிக்குக் கொண்டுவர அனுமதி கேட்டு நான் எழுதியபோது, எனக்கு அந்த ஒரு வரி வரவில்லை.

இன்று காலை சந்தைக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் நின்றேன். மழையில் ஊறிய தெருநாய் ஒன்று காலடியில் வந்து நின்று உடம்பை உதறிற்று. கடைக்காரர் அதை விரட்டிவிட்டு என் வேட்டிக்காக மன்னிப்புக் கேட்டார். வேட்டி கிடக்கட்டும். அந்த ஈரநாய் வாசம் என் தம்பியின் காம்பிங்கார் வாசம்.

காம்பிங்கார் என்றால் கட்டில், குசினி, கழிவறை எல்லாம் உள்ளே வைத்துக் கட்டிய வான். தம்பி இளம் வயதில் பிரான்சுக்குப் போனவன். உணவகங்களில் கோப்பை கழுவி, சமையல்காரனாகி, கலியாணம் கட்டாமலே நரைத்தான். முழங்கால் பழுதாகி வேலையை விட்டதும் பழைய காம்பிங்கார் ஒன்றை வாங்கி, இரண்டு நாய்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராய்த் திரிந்தான். கிழட்டு நாய்க்கு எங்கள் பக்கத்து ஊரான துணுக்காயின் பெயர். சின்னவளுக்கு எங்கள் ஊர், மல்லாவி. இரண்டுக்கும் தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாது.

ஒரு கோடைகாலம் நானும் போனேன். சூரியகாந்தி வயலோரம் நின்று, "மல்லாவி, வாடி இஞ்சை!" என்று அவன் கத்த, ஒரு பிரெஞ்சுக் கமக்காரர் உழவு இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"ஊர்ப் பேரை நாய்க்கு வைக்கிறதோடா?" என்று கேட்டேன்.

"அந்தப் பேரை ஒரு நாளைக்கு நூறுதரம் சொல்லிக் கூப்பிட எனக்கு வேறை ஆரண்ணை இருக்கினம்?"

அதற்குப் பிறகு நான் அந்தக் கேள்வியை எழுப்பவில்லை. துணுக்காய் என் செருப்பைத் தின்றபோதுகூட, துணுக்காயைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை.

ஆனால் மற்ற எல்லாவற்றிலும் வாய் சும்மா இருக்குமா? தரிப்பிடங்களில் தொங்கிய பலகைகளை அகராதி வைத்து வாசித்தேன். அழுக்குத் தண்ணீரை எங்கே திறந்துவிடலாம், நாயை எங்கே கட்டவேண்டும் என்று ஒரு கொப்பியில் எழுதினேன். ஆற்றங்கரையில் மல்லாவியை அவிழ்த்துவிட்டதற்கு அவனைக் கண்டித்தேன்.

"அண்ணை, உங்களுக்குப் பென்சன் வந்திட்டுது எண்டு ஆரும் சொல்லேல்லையோ?" என்றான்.

ஒருநாள் பின்னேரம் பெருமழை. நாங்கள் நாலுபேரும் வானுக்குள். அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஈரமான மல்லாவி என் மடியில் தலையை வைத்துக்கொண்டது. தம்பி கரண்டியைக் கையில் பிடித்தபடி, என் முகத்தைப் பாராமல் கேட்டான்.

"அண்ணை, கடைசி இடப்பெயர்விலை வீரனை அவிட்டு விட்டிட்டோ வெளிக்கிட்டனீங்கள்?"

வீரன் எங்கள் வீட்டு நாய். சமாதான காலத்தில் லீவில் வந்த தம்பி தெருவில் கண்டெடுத்து, என்னிடம் தந்துவிட்டுப் போனது.

"ஓம், அவிட்டுத்தான் விட்டனான்" என்றேன்.

"அப்ப எங்கையாவது பிழைச்சிருக்கும்" என்று அவன் பருப்பைக் கிண்டினான்.

உங்களுக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சண்டை ஊரை நெருங்கியபோது, இரண்டு நாளில் திரும்பிவிடுவோம் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். வீட்டைப் பூட்டித் திறப்பை மடியில் முடிந்துகொண்டு வெளிக்கிட்ட ஆட்கள் நாங்கள். வீட்டுக்குக் காவல் வேண்டும், உழவு இயந்திரத்துக்குப் பின்னால் ஓடிவந்து அடிபடவும் கூடாது. எல்லாம் ஒழுங்காக யோசித்து, நான்தான் வீரனைக் கிணற்றடிப் பூவரசில் கட்டினேன். ஒரு சட்டி சோறும் வாளி நிறையத் தண்ணீரும் வைத்தேன். இரண்டு நாளுக்குச் சரியாகக் காணும். மீள்குடியேறி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. பூவரசில் சங்கிலி இருந்தது. அதற்கு மேல் எனக்கு எழுத வராது.

துணுக்காய் அடுத்த மாரியில் வயதாகிச் செத்தது. அதன் பிறகு தம்பிக்குப் புற்றுநோய். ஆசுபத்திரியிலிருந்து தொலைபேசியில் சொன்னான்.

"மல்லாவியை ஊருக்குக் கூப்பிடுங்கோ அண்ணை. நீங்கள் வீரனை அவிட்டு விட்ட ஆள். உங்களை நம்பி விடலாம்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "ஓமடா" என்றேன்.

அவன் போன பிறகு, அவனோடு வேலை செய்த சிநேகிதர் மல்லாவியைத் தன் வீட்டில் வைத்திருந்தார். நான் விண்ணப்பித்தேன். தடுப்பூசிச் சான்று, இரத்தப் பரிசோதனை, மொழிபெயர்ப்பு, எல்லாவற்றிலும் மூன்று பிரதி. சிநேகிதருக்கு அவசரம்.

"கொழும்பிலை எனக்குத் தெரிஞ்ச ஆக்கள் இருக்கினம் அண்ணை. ஒரு வார்த்தை சொன்னா ரெண்டு கிழமையிலை முடிப்பினம்."

"வேண்டாம். கடிதம் போட்டிருக்கிறன். முறைப்படி வரட்டும்" என்றேன்.

மாதங்கள் போயின. இரண்டு நினைவூட்டல் கடிதம், பதிவுத் தபாலில். ஒவ்வொரு ஞாயிறும் சிநேகிதர் தொலைபேசியை மல்லாவியின் காதில் பிடிப்பார். நான் பேசுவேன். எனக்கும் தம்பிக்கும் ஒரே குரல் என்று எல்லாரும் சொல்வார்கள். ஒரு ஞாயிறு அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"குறை நினைக்காதேங்கோ அண்ணை, இனி அவளோடை கதைக்க வேண்டாம். உங்கடை குரல் கேட்டா வாசலிலை போய்ப் படுத்திடுறாள். பிறகு சோறு தின்னுறாளில்லை."

நான் பேசுவதை நிறுத்தினேன். அவள் வாசலை விட்டு எழும்பவில்லை.

அந்தக் காம்பிங்கார் இப்போது எங்கேயோ தோட்டமொன்றில், சில்லுகள் கழற்றி, விறகு அடுக்கும் கொட்டிலாக நிற்கிறதாம். அந்த வயலோரத்தில் மல்லாவி என்று கூப்பிட யாருமில்லை. அவள் கண்ணை மூடியது செப்ரெம்பர் இரண்டாம் திகதி.

அனுமதி வழங்கப்பட்டுள்ளது என்றும், மேற்படி மிருகத்தின் தற்போதைய நிறையை அறியத்தரவும் என்றும் கடிதம் வந்தது. பழக்கதோஷத்தில் அதன் வலது மேல் மூலையில் சிவப்பு மையால் கிடைத்த திகதியை எழுதினேன்: செப்ரெம்பர் பதினாறு.