ஏழாவது பத்தி

கோர்ட்டுக்கு எதிரே டைப்பிங் கடை வைத்திருப்பவளை எல்லாரும் மனு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒன்பது வருடமாக விவாகரத்து, ஜீவனாம்சம், ஜாமீன், குழந்தை யாருக்கு என்கிற தகராறு என்று ஊரார் கண்ணீரையெல்லாம் பத்தி பிரித்து, எண் போட்டு அடித்துக் கொடுப்பவள். வக்கீல் குமாஸ்தாக்கள் விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். வாக்கியம் இவளுடையது. அதில் கொஞ்சம் தாராளமாகவே மசாலா தூவுவாள்.

அப்படிப்பட்டவள் பேருக்கே ஒரு நாள் சம்மன் வந்தது. பிரிந்து போன கணவர், எட்டு வயது மகளைத் தன்னிடம் ஒப்படைக்கச் சொல்லி மனுப் போட்டிருந்தார். அந்த மகராசன் மகளை எட்டிப் பார்த்தே ஒரு வருடம் ஆகிறது. நின்றபடியே படித்தாள். மகள் இல்லாத வீட்டை நினைத்ததும் பக்கத்தை வேகமாகப் புரட்டினாள்.

ஏழாவது பத்திக்கு வந்தாள். 'என் மகளுக்கு மூச்சிரைப்பு வரும்போதெல்லாம் இமை கொட்டாமல் விழித்திருந்து மருந்து புகட்டியவன் நானே.'

மூச்சிரைப்பா? மூன்று மாடியை ஒரே ஓட்டமாக ஏறுகிற பெண்ணுக்கா? இன்னொரு தடவை படித்தாள். தூக்கிவாரிப் போட்டது. அது அவளே எழுதிய வாக்கியம். போன வருடம் யாரோ ஒரு தகப்பனுக்காக, அவர் மகனைப் பற்றி அடித்தது. அன்றைக்கு அதை அடிக்கச் சொன்ன குமாஸ்தாதான் கணவரின் வக்கீலுக்கும் குமாஸ்தா. மகனை மகளாக்கிய புண்ணியவான், நோயை எடுக்க மறந்துவிட்டார். பக்கத்துக்குப் பக்கம் கணவரின் கையெழுத்து. கடைசியில், 'படித்துப் பார்த்தேன், அத்தனையும் உண்மை' என்று உறுதிமொழி வேறு.

கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு, தனக்குத் தெரிந்த ஒரு வக்கீலம்மாவிடம் ஓடினாள்.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் இதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டாரா?"

"அவரு எங்க கல்யாணப் பத்திரிகையையே முழுசா படிக்கலைம்மா."

வக்கீலம்மா சிரித்துவிட்டார். "சரி, அந்தப் பழைய மனுவைப் பத்தி மூச்சு விடாதீங்க. அது இன்னொருத்தர் வீட்டு விஷயம். நமக்கு ஸ்கூல் டாக்டர் சர்டிபிகேட் போதும்."

விசாரணை நாளில் கணவர் கூண்டில் ஏறினார். வக்கீலம்மா குரலில் தேன் ஒழுகியது.

"பொண்ணுக்கு மூச்சிரைப்பு எப்போலேருந்து?"

கணவர் திருதிருவென்று விழித்தார். இல்லை என்றால் உறுதிமொழி பொய். ஆமாம் என்றால் கூண்டில் நின்று இன்னொரு பொய்.

"சின்ன வயசுலேருந்தே."

"நீங்க குடுத்த மருந்து?"

"சிரப்பு. சிவப்பா இருக்கும்."

பின்வரிசையில் மனு அக்கா சிரிப்பை அடக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல. சான்றிதழைப் பார்த்த நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "இந்தக் குழந்தைக்கு அந்த வியாதியே கிடையாதே?" கணவர் தன் வக்கீலைத் திரும்பிப் பார்த்தார். நீதிபதி மகளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுத் தனியாகப் பேசினார். அந்தப் பத்து நிமிடமும் மனு அக்காவுக்கு உயிரே இல்லை. பிறகு தீர்ப்பு வந்தது. மகள் தாயிடமே இருப்பாள், தகப்பன் மாதம் இரண்டு ஞாயிறு வந்து பார்க்கலாம்.

கால் தரையில் பாவாமல் வராந்தாவுக்கு ஓடினாள். மகள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"வாடி, நம்ம வீட்டுக்குப் போகலாம்."

"நாளைக்கும் அங்கதானா?"

"நாளைக்கும் அங்கதான்."

மகளின் பள்ளிப் பையைத் தூக்கினாள். புத்தகம் இல்லாத கனம். திறந்தால் இரண்டு கவுன், பல் துலக்கும் பிரஷ், அம்மாவின் பழைய துப்பட்டா ஒன்று.

"எதுக்குடி இதெல்லாம்?"

"அப்பாகூட அனுப்பிட்டா வேணும்ல."