வல்லத்துக்குப் போன ஐஸ் பெட்டி

போன வாரம் விழுப்புரத்தில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் ரோஜா மாலைகளுக்குத் தண்ணீர் தெளித்து அடுக்கி வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் அது கல்யாண வாசனை. எனக்கு மட்டும் திண்டிவனத்தில் எங்கள் கடையைத் திறக்கும்போது வரும் வாசனை. பந்தியில் உட்கார்ந்த பிறகும் மூக்கை விட்டுப் போகவில்லை. அப்படியும் பாயசத்தை இரண்டு தடவை கேட்டு வாங்கினேன், உங்களிடம் மறைப்பானேன்.

எங்களுடையது சாவுக்கடை. ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். தாத்தா பாடை கட்டினார், அப்பா ஐஸ் பெட்டி வாங்கினார், அண்ணன் வண்டி வாங்கினான். பலகையில் 'அமரர் சேவை' என்று எழுதியிருக்கும். பள்ளிக்கூடத்தில் அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டால் நான் 'டிரான்ஸ்போர்ட்' என்பேன். பொய் இல்லைதானே.

அண்ணனுக்குப் பெண் அமையவில்லை. ஜாதகம் பொருந்தும், கடை பொருந்தாது. கடைசியில் வல்லத்தில், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் வைக்கிற ஒரு வீட்டில் சம்மதித்தார்கள். அண்ணி கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிட்டாள்.

"ஒரு வருஷம் பாக்கறேன். அதுக்குள்ள வேற தொழிலுக்குப் போய்டணும் நீங்க."

அண்ணன் தலையாட்டினான். தலையாட்டுவதில் எங்கள் வீட்டில் அவனை மிஞ்ச ஆளில்லை.

அண்ணி கடைப் பக்கம் வரவே மாட்டாள். அவன் பின்பக்கமாக வந்து குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைய வேண்டும். அதன் பிறகும் அவன் நீட்டும் தண்ணீரை வாங்க மாட்டாள். அண்ணன் கோபப்பட்டதில்லை. தன் கையைத் தானே முகர்ந்து பார்த்துக்கொள்வான். எனக்குத்தான் அதைப் பார்க்க முடியாது.

வருஷம் முடிவதற்குள் அண்ணியின் அப்பா வயலில் வேலை செய்யும்போதே விழுந்து இறந்துபோனார். எங்கள் வண்டியில்தான் ஐஸ் பெட்டி வல்லத்துக்குப் போனது. அண்ணியும் நானும் முன் சீட்டில். அழுது அழுது அவளுக்குக் குரலே போய்விட்டிருந்தது.

அவரைக் கட்டிலில் போட்டிருந்தார்கள். காலெல்லாம் காய்ந்த சேறு.

"ஜல்தியா பெட்டில வைப்பா, வெயில் ஏறிக்கினு போவுது" என்றார் ஒரு பங்காளி.

அண்ணன் வெந்நீர் கேட்டான். கீழே உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் கழுவினான். துண்டின் முனையை முறுக்கி, நக இடுக்கில் இருந்த சேற்றை எடுத்தான். பிறகு கழுத்துக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கி, பெட்டிக்குள் வைத்து, "கொஞ்சம் ஜில்லுனு இருக்கும் மாமா, பொறுத்துக்குங்க" என்றான். அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிதான் சொன்னான். வாசற்படியில் நின்ற அண்ணிக்கும் கேட்டுவிட்டது.

கருமாதி முடிந்து திண்டிவனம் வந்ததும் அவள் முதல்முறையாகக் கடைக்குள் வந்தாள்.

"பொம்பளைங்க செத்தா யாரு தலை வாரி விடறது?"

"அந்தந்த வீட்டுக்காரங்கதான்."

"யாரும் இல்லாதவங்களுக்கு?"

அண்ணன் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"இனிமே நான் வர்றேன்" என்றாள்.

அதற்கப்புறம் இரண்டு பேரும் சேர்ந்தேதான் போனார்கள். மகன் பிறந்தான், பள்ளிக்கூடம் போனான். தொழிலை விடுகிற பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை.

பிறகு கொரோனா வந்தது. பெற்ற பிள்ளைகளே கிட்டப் போகப் பயந்த உடம்புகளை அண்ணன் தூக்கினான். அவனுக்கும் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவன் உடம்பை முழுக்கப் பிளாஸ்டிக்கில் சுற்றி, நேராகச் சுடுகாட்டுக்கே கொண்டுவந்தார்கள். கயிறு கட்டியிருந்த இடத்துக்கு இந்தப் பக்கம் அண்ணி வெந்நீர்ச் சொம்போடு நின்றாள்.

"காலையாவது கழுவி விட்டுர்றேங்க."

"தொடக்கூடாதும்மா" என்றார் கவச உடையில் இருந்தவர். அவரும் அழுதுகொண்டுதான் இருந்தார்.

"ஊருக்கே செஞ்சாருங்க அவரு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சொம்பு ஆறும்வரை அண்ணி அங்கேயே நின்றாள்.

அண்ணி கடையை மறுபடி திறக்கவில்லை. மகனோடு விழுப்புரம் வந்துவிட்டாள். கடையில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள், பக்கத்தில் கரும்புச்சாறு வண்டி. முன்பெல்லாம் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள் எங்கள் வாசல் வந்தால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார்கள். இப்போது எங்கள் படியிலேயே உட்கார்ந்து சாறு குடிக்கிறார்கள். மூன்று தலைமுறையாக எங்களுக்கு இருந்த ஆசை அது. இன்றைக்கு அந்தத் தெருவில் கால் வைக்காதவள் அண்ணி ஒருத்திதான்.