மிரியம் வீட்டுக் கேள்விகள்

கொதிநீரும் சவர்க்காரமும் கலந்த ஆவி மணம் எதிர்வீட்டுக் கதவிடுக்கால் கசிந்து எங்கள் மாடி நடைபாதை முழுவதும் பரவியிருந்தது. ரொறன்ரோவுக்கு வந்து நாங்கள் கண்ட இரண்டாவது வசந்தம் அது. எனக்குப் பத்து வயது. எதிர்வீட்டு மிரியம் என் வகுப்புத் தோழி, யூதப் பிள்ளை. பஸ்கா பண்டிகையின் எட்டு நாளும் புளித்த பண்டமோ புளிக்கக்கூடிய மாவோ எதுவும் வீட்டில் ஒரு துகள்கூட இருக்கக் கூடாது என்பது அவர்களுடைய சட்டம். ஆகவே அவளுடைய தாய் மிச்சமிருந்த கோதுமை மாவையும் பிஸ்கற்றையும் ஒரு பெட்டியில் போட்டு எங்களிடம் தந்துவிட்டார்.

அம்மாவுக்கும் ஒரு சட்டம் இருந்தது. "வெறும் பெட்டியைத் திருப்பிக் குடுக்கப்படாது." அந்த மாவிலேயே ரொட்டி சுட்டு, சூட்டோடு பெட்டியில் அடுக்கி என்னிடம் தந்தார். நான் அதைக் கொண்டுபோய், அவர்கள் கொதிநீர் ஊற்றித் தேய்த்து முடித்திருந்த மேசையின் நட்டநடுவில் வைத்தேன்.

மிரியம் அலறினாள். அவளுடைய தாயோ கண்ணில் நீர் வரச் சிரித்தார். பெட்டியை வெளியே வைத்துவிட்டு, மேசைக்கு மறுபடி கேத்திலைக் கொதிக்கவைத்தபடியே, "நாளை மாலை சாப்பிட வா, இவ்வளவு பாடு எதற்கென்று தெரியும்" என்றார்.

மறுநாள் அந்த மேசையில் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. வீட்டில் இளையவள் என்பதால் மிரியம்தான் கேள்வி கேட்க வேண்டும். ஏன் தட்டை அப்பம்? அடிமைகளாயிருந்தவர்கள் எகிப்தைவிட்டு அவசரமாகப் புறப்பட்டபோது மாப் புளிக்க நேரமிருக்கவில்லை. ஏன் உப்புத்தண்ணீர்? அவர்கள் அழுத கண்ணீர். பிள்ளைக்கு இந்தக் கதையைச் சொல்வதே பெற்றோருக்குச் சட்டம் என்றார் தகப்பன். மேசையிலிருக்கும் ஒவ்வொருவரும் தானே எகிப்திலிருந்து வெளியேறியதாக எண்ண வேண்டுமாம். கதையிலிருந்து சடங்கும் சட்டமும் முளைத்தன. சட்டமோ கதையைச் சாகவிடாமல் காத்தது.

எனக்கு வயிறு எரிந்தது. ஆயிரமாயிரம் வருடங்களுக்கு முன் ஓடியவர்களின் மாவைப் பற்றி மிரியத்துக்குத் தெரிந்திருந்தது. ஆறே வருடங்களுக்கு முன், நான்கு வயதில் யாழ்ப்பாணத்தை விட்டு ஓடி, வேறு ஊர்களில் இருந்துவிட்டு இங்கு வந்த எனக்கோ அந்த நாளைப் பற்றி, என்னை யாரோ தூக்கிக்கொண்டு நடந்தார்கள் என்பதைத் தவிர வேறெதுவும் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் கேட்டேன். "நாங்கள் வெளிக்கிட்ட அண்டைக்கு என்ன நடந்தது, அப்பா?"

"உது என்னத்துக்கு இப்ப? போய்ப் படி."

அம்மா குசினிக்குள்ளிருந்து, "முடிஞ்சதைக் கிளறாதை, பிள்ளை" என்றார். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை விரதத்துக்கும் சரி, வாசலில் நிறைகுடம் வைப்பதற்கும் சரி, "அது வழமை" என்பதுதான் எப்போதும் பதில். நான் பிறகு கேட்கவேயில்லை. மிரியத்தோடும் காரணம் சொல்லாமல் ஒரு மாதம் கோபித்திருந்தேன்.

அந்தக் குடும்பம் எங்கு போனதென்று இன்று தெரியவில்லை. அம்மா இல்லை. இந்த மாசியில் அப்பாவும் போய்விட்டார். முப்பத்தோராம் நாள், அவருடைய அந்தியேட்டிச் சடங்கு அன்று என் மகள், பதினான்கு வயது, "ஏன் அம்மா எள்ளும் தண்ணியும் விடுகினம்?" என்று கேட்டாள்.

"அது வழமை."

"அம்மப்பா ஏன் ஊரை விட்டு வந்தவர்?"

"உதெல்லாம் ஏன் இப்ப?"

என் வாயிலிருந்து வந்தது அப்பாவின் குரல். அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "அம்மா, உங்களுக்கே தெரியாது, ரைட்?"

அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை. அவளுடைய பிள்ளைக்குச் சொல்ல அவளிடம் என்ன இருக்கப்போகிறது? எங்கோ ஒரு மேசையில் மிரியத்தின் பிள்ளை கேட்க அவள் தடுமாறாமல் பதில் சொல்லிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தால் இப்போதும் எரிகிறது.

ஊரை விட்டு வந்த அன்று எங்களோடு சேர்ந்து நடந்தவர்களில், நகரின் வடக்கே மில்லிக்கனில் இருக்கும் பெரியப்பா மட்டும்தான் மிச்சம். நேற்று அவருக்குப் போன் எடுத்தேன். பேத்தி சில விஷயங்கள் கேட்க வேண்டுமாம், உங்களுக்குக் கரைச்சல் என்றால் வேண்டாம் என்று இழுத்தேன். மறுமுனையில் தொலைக்காட்சியின் சத்தம் நின்றது.

"ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு வா" என்றார். "இவ்வளவு காலமும் ஒருத்தரும் கேக்கேல்லையே, பிள்ளை."