முப்பத்தாறு படிகளும் ஒரு மாத்திரையும்

லண்டனில் நான் வேலை செய்யும் இதய வார்டில் ஒரு வழக்கம் உண்டு. வயதான நோயாளியை நாற்காலியிலிருந்து எழுந்து நடக்கச் சொல்லி, கடிகாரத்தில் நேரம் பார்ப்பார்கள். பிறகு, "எதைச் செய்ய முடிந்தால் உங்களுக்கு நிம்மதி?" என்று கேட்பார்கள். எண்பத்து மூன்று வயது ஹாரிஸ், யார் துணையுமின்றிக் குளிக்க வேண்டும் என்றார். இரண்டே நாளில் அவர் வீட்டுக் குளியலறைச் சுவரில் கைப்பிடி பொருத்திவிட்டார்கள். வந்த புதிதில் அந்தக் கேள்வி எனக்கு விசித்திரமாக இருந்தது. இப்போது அதைக் கேட்கும்போதெல்லாம் கோபம் வருகிறது.

என் அப்பாவிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. இலங்கையில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஆயுள் முழுக்கச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர். இதயம் தளர்ந்து, கால்கள் வீங்கி, தோட்டத்து வரிசை வீடான லயத்தில் அண்ணனோடு இருக்கிறார். போன லீவில் அவருடைய கிளினிக் அட்டையைப் பார்த்தேன். 'மருந்து ஒழுங்காகக் குடிப்பதில்லை' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

"ஏம்ப்பா குடிக்கிறதில்ல?"

அண்ணி அடுப்படிக்குப் போகும்வரை அப்பா பேசவில்லை.

"வீக்கம் வத்துற மாத்திரை அது. குடிச்சா அஞ்சாறு வாட்டி ஒண்ணுக்குப் போகணும். கக்கூஸ் கீழ இருக்கு, முப்பத்தாறு படி. மழையில ஒங்கண்ணிதான் கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போகுது. மருமகள எத்தன வாட்டிம்மா கூப்புடுறது?"

"டாக்டர்கிட்ட சொல்லலாமே?"

"கேட்டாத்தானே சொல்றதுக்கு."

மறுநாளே தோட்ட ஆபிசுக்குப் போனேன். படியோரம் பிடித்து இறங்க ஒரு கம்பி கேட்டேன். "வயசானா அப்படித்தான். ஒருத்தருக்காக கக்கூஸ் கட்ட முடியுமா?" என்றார் அங்கிருந்தவர். நான் கேட்டது கம்பிதான் என்பது அவர் காதில் ஏறவேயில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் பக்கத்து வீட்டுக்காரர்களும் பழைய தண்ணீர்க் குழாய்களை நட்டுக் கம்பி கட்டினார்கள். அப்பா மாத்திரை குடிக்கத் தொடங்கினார். கிளினிக்கில் விஷயத்தைச் சொன்னேன். இருட்டில் படியிறங்க நேராதபடி, மாத்திரையைக் காலையிலேயே குடிக்கும்படி டாக்டர் மாற்றித் தந்தார். அட்டையிலிருந்த பழைய வரியை மட்டும் அடிக்கவில்லை.

இரண்டு வாரத்தில் வீக்கம் வற்றியது. லண்டன் திரும்பி இதைச் சொன்னபோது, உடன் வேலை செய்யும் ஜேன், "தேயிலை மலைக் காற்றல்லவா!" என்று மகிழ்ந்தாள். அந்தப் படிகளில் ஏறியிறங்கி வளர்ந்தவள் நான். கடல் தாண்டி வந்து, அந்நியர்களிடம்தானே நோயாளியிடம் கேட்கும் அந்தக் கேள்வியைக் கற்றேன்?

நேற்று நான் வார்டில் இருந்தபோது அண்ணன் வீடியோவில் அழைத்தான். அப்பா படியிறங்கிக்கொண்டிருந்தார். அதே நேரம் ஒரு மூதாட்டி கட்டிலிலிருந்து எழுந்தார். இடக்கையில் போன் இருக்க, வலக்கையால் அவரைத் தாங்கினேன்.

"மெதுவா, மெதுவா" என்றேன் அப்பாவிடம்.

தமிழ் தெரியாத அந்த மூதாட்டியும் நடையைத் தளர்த்தினார்.