நடுங்கும் விரலுக்கு ஒரு கீபோர்டு

வீட்டில் அவளுக்கு உடும்பு என்று பெயர். எதையாவது பிடித்தால் விடமாட்டாள் என்பதால் அக்கா வைத்தது. மருந்துக்கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள் எழுதும் சின்னக் கம்பெனியில் வேலை. ஓயாத கழுத்துவலியும், கல்யாணப் பேச்சை எடுத்தால் மட்டும் காது கேட்காத வியாதியும்தான் அந்த வேலையில் அவள் சேர்த்த சொத்து.

பட்டன் போன்கள் ஓரங்கட்டப்பட்டு, தொடுதிரைப் போன்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு கடைக்கு வந்த காலம் அது. அக்காவுக்கு ஏற்கெனவே கைநடுக்கம். அதன்மேல் தொண்டையில் ஓர் ஆபரேஷன். குரல் அதோடு போயிற்று. பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள். பேனா பிடித்தால் கோழி கிளறிய மாதிரி இருக்கும். ஆனால் ஒரு பழைய பட்டன் போன் இருந்தது. மேடான பட்டன்மேல் கட்டைவிரலை ஊன்றி, நிலைகொண்ட பிறகு அழுத்துவாள். அப்படி எழுதி எழுதியே வீட்டை ஆண்டாள், மாடிவீட்டாரோடு சண்டையும் போட்டாள்.

அந்தப் போன் ஒருநாள் செத்தது. “பட்டன் போனெல்லாம் இப்ப வர்றதே இல்லைங்க” என்று கடைக்காரர் கையை விரித்தார். அக்காவின் கணவர், அதாவது மாமா, இருப்பதிலேயே விலை கூடிய கண்ணாடிப் போனை ஆசை ஆசையாக வாங்கிவந்தார். அழகென்றால் அப்படி ஓர் அழகு. அக்காவின் விரல் அதன்மேல் வழுக்கி ஓடியது. ஓர் எழுத்தைத் தொட்டால் மூன்று விழும், மூன்றும் வேறாக இருக்கும். சில நாள் முயன்று பார்த்துவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்து, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டாள். அதன் பிறகு அவளுக்காக மாமாவே பேசினார். அவளுக்குப் பசியில்லை என்பார், அவளுக்கு அந்த நிறம் பிடிக்காது என்பார். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் மனுஷியைப் பற்றி அப்படிச் சொல்வதைக் கேட்க உடும்புக்கு வயிறு எரிந்தது.

அக்காவுக்கென்று ஒரு கீபோர்டை எழுதத் தொடங்கினாள். திரை முழுக்க ஒன்பதே கட்டங்கள், பழைய போனில் இருந்த அதே வரிசை. கண்ணாடிப் போன் கம்பெனிக்கு அனுப்பினாள். எங்கள் போனில் எங்கள் கீபோர்டு மட்டும்தான், மாற்ற அனுமதியில்லை என்று பதில் வந்தது. அக்காவின் நிலைமையை விளக்கி மறுபடி எழுதினாள். அதே பதில், இந்தமுறை இன்னும் மரியாதையாக. மரியாதையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

போட்டிக் கம்பெனியின் போன் ஒன்று சந்தைக்கு வந்திருந்தது. பிளாஸ்டிக் உடம்பு, கொஞ்ச நேரம் பேசினால் கை சுடும். ஆனால் அதில் எதை வேண்டுமானாலும் மாற்றலாம், கீபோர்டைக்கூட. உடும்பு அதை வாங்கிவந்து சாப்பாட்டு மேஜைமேல் வைத்தாள்.

“இந்த டப்பாவையா?” என்றார் மாமா. “இதுல கண்டவன் எழுதினதெல்லாம் உள்ள வரும்மா. நம்ம போன் எவ்வளவு பத்திரம் தெரியுமா?”

“ரொம்பப் பத்திரம் மாமா. அக்காவே உள்ள போக முடியலையே.”

நடுங்கும் விரலுக்கு அந்தக் கீபோர்டு வேலை செய்கிறதா என்று பார்க்க, ஆபீஸில் அவள் தன் கையையே வேண்டுமென்று உதறி உதறித் தட்டினாள். இவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பக்கத்து நாற்காலிக்காரர் தள்ளி உட்கார்ந்தார். பிழையில்லாமல் எழுத்து விழுந்தது. வெற்றி என்று வீட்டுக்கு ஓடிவந்தாள். அக்கா தொட்டாள், பழைய குப்பைதான்.

“ஏங்க்கா, இப்படித்தானே நடுங்கும்?” என்று உடும்பு தன் கையை உதறிக் காட்டினாள்.

அக்கா அந்தக் கையைப் பார்த்தாள். தன் கையை மெல்ல எடுத்து மேஜைக்கு அடியில் மறைத்துக்கொண்டாள். உடும்புக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. நல்ல கையின் நடிப்பை வைத்துக்கொண்டு நோயுள்ள கைக்குக் கருவி செய்திருக்கிறாள்! உண்மையில் நடுங்கும் கை ஒன்று தனக்கு உதவினாலன்றி இது ஆகாது, அக்காவை இனியும் பரிசோதனைப் பொருளாக்கக் கூடாது என்று அவளுக்கு உறைத்தது.

அப்படி ஒரு கை எங்காவது இருக்காதா என்று, கீபோர்டின் நிரலை, அதாவது அவள் எழுதிய புரோகிராமை, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம் என்று இணையத்தில் போட்டுவிட முடிவெடுத்தாள். முதலாளி நல்லெண்ணத்தோடு எச்சரித்தார்: “வேணாம்மா. திறந்த வீட்ல நாய் நுழைஞ்ச மாதிரி ஆயிடும்.”

“நுழையட்டும் சார். பூட்டின வீட்டுக்கு மனுஷங்களும் வரமாட்டாங்க.”

முதலில் நாய்தான் வந்தது. எவனோ அதை அப்படியே சுட்டு, விளம்பரங்களை ஒட்டி, தன் பெயரில் விட்டான். உடும்பு வாயில் வந்தபடி திட்டித் தீர்த்தாள், ஆனால் நிரலை மட்டும் பூட்டவில்லை. தினமும் வேலை முடிந்ததும் உட்கார்ந்து, வந்த திருத்தங்களைப் பார்த்தாள். பெரும்பாலும் குப்பை. பிறகு, முகம் தெரியாத ஒருவரிடமிருந்து ஒரு திருத்தம் வந்தது. கூடவே இரண்டு வரி: ‘என் கையும் நடுங்கும். விரல் முதலில் பட்ட இடத்தை விட்டுவிடுங்கள், அதிக நேரம் தங்கிய இடத்தை எடுங்கள்.’

ஆளாளுக்கு நடுக்கம் வேறு, தங்கும் நேரமும் வேறு. அந்தத் திருத்தத்தைச் சேர்த்து, தங்கும் நேரத்தை அவரவரே கூட்டிக் குறைத்துக்கொள்ள உடும்பு ஒரு வழி வைத்தாள். இந்தமுறை கையை உதறவில்லை, பேசவுமில்லை. போனை அக்காவின் முன்னால் வைத்துவிட்டு மாமாவுக்கு எதிரே போய் உட்கார்ந்தாள்.

“மறுபடியும் டப்பாவா? அவளுக்கு இதெல்லாம் சலிச்சுப்போச்சும்மா” என்றார் மாமா.

“சலிச்சது உங்களுக்கு. அக்காவுக்கு இது பிடிக்கும்.”

“அவ மனசு எனக்குத் தெரியாதா?”

“உங்களைவிட எனக்குத் தெரியும்.”

பேச்சு தடித்தது. இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கிற ஜாதியில்லை. குரல்கள் ஏறிக்கொண்டிருக்கையில் மேஜைமேல் எதுவோ டொக் டொக்கென்று தட்டியது. அக்கா போனின் விளிம்பால் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தாள். இருவரும் திரும்பியதும் திரையை அவர்கள் பக்கம் நீட்டினாள். கை நடுங்கியது, எழுத்துகள் நடுங்கவில்லை.

‘ரெண்டு பேரும் வாயை மூடுங்க. கொஞ்ச நேரம் நான் பேசறேன்.’

மாமா வாயைத் திறந்து, உடனே மூடிக்கொண்டார். உடும்புக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அக்கா அதையெல்லாம் பார்க்கவில்லை. போனைத் தன் பக்கம் இழுத்து, கட்டைவிரலை ஊன்றி, அடுத்த வரியை எழுதத் தொடங்கியிருந்தாள்.